வர்லாம் வீட்டு வெந்நீர் ஊற்று

"தொழுவத்துல என்னங்க அப்படி ஒரு இரைச்சல்?" என்று மனைவி டாரிக்கோ கேட்டதும் வர்லாம் வாயிலிருந்த ரொட்டியை அவசரமாக விழுங்கினான்.

"பசு குறட்டை விடுது."

"நம்ம பசுவா?"

"வயசாகுதில்ல."

குறட்டை விட்டது பசு இல்லை. வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்திருந்த, கரண்டைக் குடித்து இணையக் காசு சம்பாதிக்கும் பிட்காயின் மெஷினின் விசிறி. டாரிக்கோவின் அண்ணன் சிச்சிகோவிடம் பழையதாக வாங்கியது. பனித் தண்ணீரில் துணி துவைத்துத் துவைத்து அவள் கை வெடித்துக் கிடந்தது. ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் வர்லாமுக்கு.

ஆனால் வீட்டுக்கு வீடு இதே மெஷின் ஓடி, கரண்ட் தாங்காமல் மலையூர் முழுக்க இருட்டில் கிடந்தது. பெரியவர்கள் எல்லோரையும் கோயிலுக்கு அழைத்துவிட்டார்கள். புனித ஜார்ஜியார் படத்தின்மேல் கை வைத்து, "இந்த மெஷினால ஒத்தக் காசு எங்க வீட்டுக்கு வராது" என்று ஊரே சத்தியம் செய்தது. வர்லாமும் செய்தான். அவன் கைமேல் டாரிக்கோ தன் கையையும் வைத்தாள். அவளையும் பொய்ச் சத்தியத்தில் இழுத்துவிட்டோமே என்று அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வாஷிங் மெஷினுக்கு ஆகிறவரை மட்டும் என்று ஓட்டினான். பார்த்தால் பாவம் இரட்டிப்பாகும் என்று பயந்து, காசு சேரும் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சத்தத்தை ஒழிக்க விசிறிகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீரால் குளிர வைக்க நினைத்தான். குழாயும் தகடும் சிச்சிகோவே ஓசியில் கொடுத்தான். "என்ன ஆனாலும் நிறுத்திராத மாப்ள" என்று வேறு சொன்னான். ஓடைத் தண்ணீர் வைக்கோலுக்கு அடியில் வந்து, மெஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு மாட்டுத் தொட்டியில் விழுந்தது. இரைச்சல் போயிற்று. தொட்டியில் ஆவி பறந்தது.

மறுநாள் காலை டாரிக்கோ ஓடிவந்தாள். "ஏங்க, தொழுவத்துல வெந்நீர் ஊத்து வந்திருக்கு. சத்தியத்தக் காப்பாத்தினோம்ல, ஜார்ஜியார் குடுத்திருக்கார்."

கண்ணில் நீரோடு நிற்பவளிடம் என்ன சொல்வான்?

"இருக்கும்" என்றான். பாவி மனுஷன், அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மதியத்துக்குள் தெருவே துணிமூட்டையும் வாளியுமாக வந்துவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஊற்றை ஆசீர்வதிக்கப் பாதிரியார் வருகிறார் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். சீக்கிரமாகக் காசைச் சேர்த்து முடித்து மெஷினைப் புதைத்துவிடலாம் என்று வர்லாம் அதை ஓவர்கிளாக் செய்தான். தாங்கும் வேகத்துக்கு மேல் ஏற்றினான். தொட்டி கொதித்தது. பசு நாக்கைச் சுட்டுக்கொண்டு கத்தியது. பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியதும் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் சில்லென்று தண்ணீர் விழுந்தது.

"கரண்ட் போனா ஊத்து ஏன்பா ஆறுது?" என்றார் பாதிரியார்.

வர்லாம் மண்டியிட்டான். வைக்கோலை விலக்கிக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி அழுதான். டாரிக்கோ திட்டவில்லை. தன் வெடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையையும் சேர்த்துல்ல வச்சேன்" என்றாள்.

அதற்குப் பதில் அவள் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சிச்சிகோ வந்தான். தன் புது ரோமத் தொப்பியைக் கழற்றினான். தங்கை முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எந்திரி மாப்ள. சத்தியத்த மீறினது நீ இல்ல. மெஷின்ல காசு போய்ச் சேர்ற என் கணக்க நீ உன் பேருக்கு மாத்தவே இல்ல. இத்தன நாளும் காசெல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்துச்சு."