ஊசியால் வந்த கன்னம்

அன்புள்ள மச்சான் முத்துலிங்கம் அவர்களுக்கு, உங்கள் வீட்டில் உலை கொதிக்கவும், எல்லாரும் சுகமாயிருக்கவும் முருகனை வேண்டிக்கொண்டு சின்னத்தம்பி எழுதும் முதல் கடிதம்.

எழுத்து மேட்டிலும் பள்ளத்திலும் போவதற்கு மன்னிக்கவும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அழுத்தினால் பென்சில் முனை ஒடிகிறது. ஆனாலும் என் பெயரை நானே எழுதிவிட்டேன், பாருங்கள்! இந்த சயரோக வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹட்டன் துணிக்கடை சிதம்பரநாதன்தான் கற்றுக்கொடுத்தார். அவர் குணமாகிப் போய்விட்டார். கட்டில் காலி. பேச ஆளில்லாமல் எழுதுகிறேன்.

தினமும் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளில் கன்னம் உப்பியது, செருப்புக்குள் கால் நுழையவில்லை, தராசில் ஏறினால் முள் எகிறியது. ஆஸ்பத்திரிச் சோறு உடம்பில் ஒட்டிவிட்டது என்று ஒரே சந்தோஷம் எனக்கு. வார்டு முழுக்கக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நடந்தேன், தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் சொல்லியனுப்பினேன், அப்புறம் டாக்டர் ஐயா வந்து என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே நின்றது.

“இது சதை இல்ல பெரியவரே, தண்ணி. ஊசி மருந்து ஒங்க சிறுநீரகத்தக் கெடுத்திருச்சு.”

“அடப் போங்கய்யா! செத்துப்போன என் பொஞ்சாதி மழையில கொழுந்து பறிச்சிட்டு வந்தா, தண்ணி தண்ணின்னு கணக்கப்பிள்ளை எடையில ராத்தல் ராத்தலா வெட்டுவாரு. இப்ப நீங்களுமா?”

நர்ஸம்மா சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை.

“ஊசிய நிறுத்தணும்.”

“நிறுத்தினா நெஞ்சு நோவு?”

“போட்டா சிறுநீரகம் போயிரும். மாத்திரைய மட்டும் குடுத்துப் பாப்போம்.”

பார்ப்போம் என்றால் பார்ப்போம்தானே மச்சான். இப்போது கஞ்சியில் உப்பில்லை. உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும் என்பார்கள். எனக்கு உப்பும் கிடையாது, தண்ணியும் அளந்துதான்.

நீங்கள் பார்க்க வர வேண்டாம். நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறி இறங்க உங்கள் முழங்கால் தாங்காது. வந்தாலும் எனக்குக் கொண்டுவரும் பழத்தை நீங்களே தின்பீர்கள். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அக்காவுக்குக் கும்பிடு.

இப்படிக்கு,
சின்னத்தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன். முதல் கடிதம், அடிக்க மனசு வரல. அந்த வரிய வாசிக்காம விட்டுருங்க. ஞாயித்துக்கிழம பாக்க விடுவாங்க. வாங்க மச்சான். சும்மா பக்கத்துல ஒக்காந்திருந்தாப் போதும். வரலன்னா அடுத்த வாரமும் வாங்கன்னு இதையேதான் எழுதுவேன்.