ஒன்பது நாள் ஊஞ்சல்

இரண்டு மலைகளும் நடுவில் ஒரு பாதாளமும் மட்டுமே கொண்ட நாடு ஒன்று இருந்தது. மேலைமலையில் அரண்மனை, கீழைமலையில் குடிமக்கள். பாதாளத்தில் இறங்கி ஏறிப் போனால் பதினொரு நாள். அண்டரண்டப் பட்சியின் முதுகில் கட்டிய கூடையில் உட்கார்ந்தால் ஒரு நாழிகை. ஆகவே நோயாளி, மணப்பெண், உப்பு, ஓலை எல்லாமே பட்சியில்தான் போய்வந்தன.

பட்சியை ஓட்டுபவருக்குப் பாகர் என்று பெயர். ஒரு பட்சிக்கு இரண்டு பேர். முன்பாகர் பட்சியின் கழுத்தில் கட்டிய வாரைப் பிடிப்பார். பின்பாகர் முன்பாகரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் இருந்தது. பாதாளத்தின் நடுவில், அடியிலிருந்து ஒரு காற்று கிளம்பும். கிணற்றுக்காற்று என்பார்கள். அது அடித்தால் பட்சி மிரண்டு தலையைத் தூக்கும். பயந்த மனிதக் கை என்ன செய்யும்? இறுக்கும். இறுக்கினால் பட்சியின் கழுத்து மடங்கும், அத்தோடு எல்லாம் முடிந்தது. வாரை விட்டுவிட வேண்டும்; கை இறுகுவதைப் பார்த்ததும் 'விடு' என்று கத்தத்தான் பின்பாகர். விட்டால் பட்சி தானே தலை கவிழ்ந்து, சறுக்கி, சிறகை விரித்துக்கொள்ளும். சொல்வதற்கு எளிது. உயிர்ப்பயத்தில் வாரை விட்டுவிட, கைக்கு ஓராண்டுப் பழக்கம் வேண்டும். எல்லாப் பருவத்துக் காற்றிலும் ஓராண்டு பறந்து முடித்தவரின் ஓலையில் தேர்வுப்பாகர் ஒருவர் கட்டைவிரல் ரேகை வைத்து, "இவர் ஓட்டும் பட்சியில் என் பிள்ளையை ஏற்றி அனுப்புவேன்" என்று உரக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அவர் பாகர்.

மருதாயி அப்படி ரேகை வைக்கும் தேர்வுப்பாகர். முப்பத்தெட்டு வயது, கணீரென்ற குரல், மூக்கின் மேல் கோபம். வீட்டில் ஒரு மகள். அந்த மகளை மனதில் நிறுத்தாமல் அவள் யாருக்கும் ரேகை வைத்ததில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைதூக்கித் தேர்ந்தெடுக்கப்படும் மாமன்னர், பட்சிக்கூடத்தைச் சீர்திருத்தத் தம் மைத்துனர் கோதண்டவாணரைப் பேராணையராக நியமித்தார். கோதண்டவாணர் அதுவரை குடை விற்றவர். குடைக்கும் வானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று அரசிதழ் விளக்கியது.

பேராணையரின் முதல் ஆணை இது: பறக்கும்போது பாகர் உட்கார்ந்தே இருக்கிறார், உட்கார்ந்திருப்பது ஓய்வு, ஓய்வுக்கு யாரும் கூலி தருவதில்லை. பாகர்களுக்கு அளந்த நெல் பாதியானது. தூக்கமில்லை, கண் எரிகிறது என்று முறையிட்டவரின் நாடியை அரண்மனை வைத்தியர் பிடித்துப் பார்த்து, 'நாட்டுப்பற்றுக் குறைவு' என்று சீட்டு எழுதினார். பொறுக்காதவர்கள் பக்கத்து நாட்டுப் பட்சிகளைத் தேடிப் போனார்கள். உடனே இரண்டாம் ஆணை: விலகுவோர் ஓராண்டு முன்னதாகச் சொல்ல வேண்டும்; விலக நினைப்போர், நினைப்பதற்கு ஆறு மாதம் முன்னதாக எழுதித் தர வேண்டும். அப்படியும் போனார்கள்.

ஆள் பற்றாக்குறை வந்தது. பின்பாகர் சும்மாதானே பார்த்துக்கொண்டு வருகிறார், அந்த இடத்தில் ஒரு பயணியை உட்காரவைக்கலாமே என்று பேராணையருக்குத் தோன்றியது. பின்பாகர் பதவி ஒழிந்தது. அக்கிரமத்தைக் கேளுங்கள், அதற்கு 'ஒற்றைக்கை உன்னதத் திட்டம்' என்று பெயர் வைத்து, யானை மேல் பலகை கட்டி ஊர்வலம் விட்டார்கள்.

பிறகுதான் ஊஞ்சல் வந்தது. ஓராண்டுப் பயிற்சி ஒன்பது நாளாகச் சுருங்கியது. அரண்மனைத் தோட்டத்தில் நாற்பது ஊஞ்சல்களைக் கட்டி, நாற்பது பேரை உட்காரவைத்து, பணியாளர்கள் பின்னாலிருந்து ஆட்டினார்கள். பயிற்சிக் கட்டணத்தைப் பயில வந்தவர்களே கட்ட வேண்டும். மருதாயி பேராணையரின் மண்டபத்துக்கே போய் நின்றாள்.

"ஊஞ்சல் ஆடுகிறது. பட்சியும் ஆடுகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு, அம்மணி?" என்று கேட்டார் கோதண்டவாணர்.

"ஊஞ்சல்ல இருந்து விழுந்தா மண்ணத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுக்கலாமுங்க. அதுதான் வேறுபாடு."

"விழுவதைப் பற்றியே பேசுகிறீர்களே. நாங்கள் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம்."

"ஐயா, ஊஞ்சல்ல கயித்த இறுக்கிப் புடிக்கத்தான் பழகுறாங்க. மேல போனா விடத் தெரியோணும். நீங்க தலைகீழாக் கத்துக் குடுக்கறீங்க."

பேராணையர் புன்னகைத்தார். "பிடியை விடுவது கோழைகளின் வழக்கம். இந்த அரசு பிடித்த எதையும் விட்டதில்லை."

சுற்றி நின்ற அதிகாரிகள் கைதட்டினார்கள். அதை அடுத்த வாரமே பாடத்திட்டத்திலும் சேர்த்தார்கள்: கயிற்றை அதிக இறுக்கமாகப் பிடிப்பவருக்கு அதிக மதிப்பெண்.

முதல் மதிப்பெண் வாங்கியவர் தவசி. முப்பது வயது, இரண்டு குழந்தைகள், கீழைமலையில் செக்கு ஓட்டியவர். இருபது வருடம் செக்குத்தடியைப் பிடித்த கை; அந்தப் பிடியை மிஞ்ச யாராலும் முடியவில்லை. பட்டுக்கயிறு போட்டுப் பாராட்டினார்கள். பாராட்டு முடிந்ததும் அவர் மருதாயியைத் தேடி வந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வரலீங்க. பட்சி மேல இன்னும் ஒரு தடவகூட ஏத்தல."

"தெரியும் தவசி. அதனாலதான் ரேகை வெக்கமாட்டேன்."

"வெக்காட்டி எங்க போவேன்? கட்டணத்துக்குச் செக்கையும் மாட்டையும் வித்துட்டேனே."

ஓட்டத் தெரியாது என்று தெரிந்தவரையே ஏறவும் சொல்கிறார்கள், இறங்கவும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள் என்று மருதாயி பல்லைக் கடித்தாள். "ஒரு வருசம் நான் சொல்லித்தர்றேன், சோறும் போடறேன். இப்ப ஏறாதீங்க" என்றாள். தவசியும் சரியென்றுதான் தலையாட்டினார். ஆனால் கட்டணம் கட்டியும் பணிக்கு வராதவருக்குச் சிறை என்று மறுநாளே ஓர் ஆணை வந்துவிட்டது.

நாற்பது ஓலையிலும் ரேகை வைக்க மருதாயி மறுத்தாள். அந்த உறுதிமொழியை வாயால் சொல்ல மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். பேராணையர் கோபப்படவில்லை. மூன்று நாள் ஆலோசனை நடத்தி, உறுதிமொழியில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினார். 'என் பிள்ளையை' என்ற இடத்தில் 'பிறர் பிள்ளையை' என்று போட்டார்கள்.

"இப்போது உங்கள் மனச்சாட்சிக்கு இடைஞ்சல் இல்லையே?" என்று கனிவாகக் கேட்டார்.

"தூ!" என்றாள் மருதாயி.

அவளைப் பாகர் பட்டியலிலிருந்து நீக்கி, கீழைமலை ஏறுதளத்தில் மூட்டை நிறுக்கும் வேலைக்குத் தள்ளினார்கள். ரேகை வைக்கவென்றே ஒரு குமாஸ்தா நியமிக்கப்பட்டார். அவர் ஒரே பிற்பகலில் நாற்பது ஓலைக்கும் ரேகை வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனார்.

தவசி முதன்முறையாகப் பட்சி ஏறிய காலை, கூடையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மருதாயி தராசை விட்டுவிட்டு ஓடினாள். "காத்து அடிச்சா வார விட்டுருங்க தவசி! பட்சி பாத்துக்கும். நீங்க விட்டாப் போதும்!"

"சரிங்கக்கா, சரிங்கக்கா" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது.

நடுப்பாதாளத்தில் கிணற்றுக்காற்று அடித்தது. பட்சி தலையைத் தூக்கியதை ஏறுதளத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். "விடுங்க! விடுங்க!" என்று மருதாயி தொண்டை கிழியக் கத்தினாள். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் குரல் எட்டும்? பின்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டிய ஆளின் இடத்தில் நெல் வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்து மடங்கியது.

அடிவாரத்து இடையர்கள் உடல்களை மேலே கொண்டுவந்தபோது, வார் தவசியின் இரண்டு முஷ்டியிலும் சுற்றியபடி இருந்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள்.

விசாரணைக் குழு ஒரே அமர்வில் முடிவுக்கு வந்தது. தவசி பயிற்சியில் சொன்னபடியே கடைசிவரை பிடியை விடவில்லை. ஆகவே பயிற்சியில் குறையில்லை. பட்சி அரசின் சொத்து. ஆகவே பட்சியிலும் குறையில்லை. புறப்படும் நேரத்தில் அபசகுனமாகக் கத்திப் பாகரின் மனதைக் கலைத்த மூட்டை நிறுப்பவள் ஒருத்தியின் மீது நடவடிக்கை எடுக்கலாம். வாசிக்கக் கேட்ட மருதாயிக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு கோபம்.

மறுநாள் அரண்மனை ஓலைக்காரர் பட்சியில் வந்து இறங்கினார். ஏறுதளத்தில் அடுத்த பயணத்துக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. வேறு வழி ஏது அவர்களுக்கு? தவசியின் மனைவி குருவம்மாள் இரண்டு குழந்தைகளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஓலைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பேராணையர் நேரில் வந்து ஆறுதல் சொல்லப் புறப்பட்டுவிட்டார். இன்னும் பத்து நாளில் வந்துசேர்வார்."

"பத்து நாளா? நீங்க ஒரு நாழிகையில வந்துட்டீங்களே?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அவர் பல்லக்கில் வருகிறார். பாதாளத்து வழியாக. அவர் வீட்டில் யாரும் பட்சியில் ஏறும் வழக்கம் கிடையாது."

குருவம்மாள் தலை நிமிர்ந்தாள். "அந்தச் செங்குத்து வழியில பல்லக்கா? தூக்கறவங்க கால் வழுக்குனா?"

ஓலைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. விவரமாகவே சொன்னார். "அதெல்லாம் வழுக்காதம்மா. பதினாறு பேர் தூக்குவாங்க, பதினாறு பேர் அவங்க காலையே பார்த்துக்கிட்டு கூட நடப்பாங்க. களைப்பா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், ஒரு கேள்வி கேக்காம அங்கேயே மாத்திருவாங்க. வயிறு நெறையச் சோறு, எட்டு மணி நேரம் தூக்கம், ரெட்டிப்பு நெல்."

"பழக்குவாங்களா?"

"பின்னே? பழக்காம அவரை எப்படித் தூக்கவிடுவாங்க?"

"எத்தன நாளு?"

"நாளா? மூணு வருசம்மா."

பட்சியின் அருகே புதுப்பாகர் ஒருத்தி வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் அதை மெல்ல அவிழ்த்துக் கீழே போட்டாள். கூடையில் ஏறியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மருதாயி தராசைக் கவிழ்த்துவிட்டு நடந்தாள். குருவம்மாள் சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வரிசை மொத்தமும் அவர்களோடு போய், பாதாளத்து வழி மேலேறி வந்து முடியும் இடத்தில், பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பத்து நாள் என்றால் பத்து நாள். பேராணையர் எப்படியும் பத்திரமாக வந்து சேர்வார் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியும்.