ரம்பத்துக்கு ஒரு மூடி

பிறர் விரல்களைக் காப்பதற்கென்றே சில மகான்கள் அவதரிக்கிறார்கள். மரச்சாமான் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அப்படி அவதரித்தவர். அதற்குச் சம்பளமும் வாங்கினார்.

தொழிற்சாலை கழித்துக்கட்டிய பழைய மேசை ரம்பம் ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கார் நின்ற கொட்டகை 'பட்டறை' ஆனது. கார் தெருவுக்குப் போனது. ஞாயிறுதோறும் தச்சுவேலை செய்து மனதை இலேசாக்குவது திட்டம். ரம்பத்தைப் பொருத்திக் கொடுக்க மனைவியின் தம்பி வந்தான். தொழிற்சாலையில் அந்த ரம்பத்தில் பல வருடம் பலகை அறுத்தவன். இப்போது அதற்குப் பதிலாக வந்த புது ரம்பத்தில் அறுப்பவன்.

முதலில் 'இல்லப் பாதுகாப்புக் குழு' கூடியது. தலைவர், அதிகாரி. உறுப்பினர், ஈரத்துணியும் கையுமாக நின்ற மனைவி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளேடைத் தொடவேண்டும் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு வேலை. மேசையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு; பிளேடு அதற்கு இணையாக நிற்கவேண்டும். ஒரு பல்லில் மைப்புள்ளி வைத்து, பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை முன்பக்கம் அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி மறுபடி அளந்தார்கள். இரண்டும் ஒன்றானால் சரி. கோணினால், அறுபட்ட மரம் பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வும். அங்கே மேலேறும் பற்கள் பலகையைத் தூக்கி, நிற்பவர் வயிற்றிலேயே வீசும். அதைத் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு காவல் நிற்கும். அதன் தலையில் மூடி. கை உள்ளே போகாது.

அதிகாரி குனிந்து பார்த்தார். தகடும் இல்லை, மூடியும் இல்லை.

"மூடி எங்கே மாப்ளே?"

"கழட்டியாச்சு மாமா."

"எந்த மடையன் கழட்டினான்?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். "நான்தான் கழட்டினேன். உத்தரவு உங்களோடது. மூடி இருந்தா வேலை மெதுவாப் போகுதுன்னு சொன்னீங்களே?"

"அது 'உற்பத்தித் தடை நீக்கம்'. அது வேற."

"சரி, அந்தத் தடையை இப்ப எதுக்குத் தேடுறீங்க?"

"டேய், இது என் விரல்டா!"

மூடி தகட்டோடு பத்திரமாகத்தான் இருந்தது: அதிகாரியின் அலுவலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'பாதுகாப்பே நம் மூச்சு' என்ற பலகையின் கீழ். அவரே போய் எடுத்துவந்தார். மாட்டியதும் பலகை ஒன்றை அறுத்து, பத்து விரல்களையும் உயர்த்திக் காட்டினார்.

மனைவிக்குச் சந்தேகம். "தம்பி, உன் புது மிஷினுக்கு மூடி இருக்கா?"

"இருக்குக்கா. இன்னும் மாமா கண்ணுல படல."

பட்டுவிட்டது. "அட, நல்லவேளை ஞாபகப்படுத்தினே! பாதுகாப்பு விருதுக் குழு வர்ற நேரத்துல கண்ணாடிப் பெட்டி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அதைக் கழட்டிக் கொண்டாந்து பெட்டியில வெச்சிடு."

"ஏங்க, அவன் கை?"

"அவன் அனுபவசாலிம்மா!"

அனுபவசாலி கழற்றி வைத்தான். விருதுக் குழு பெட்டியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டது. 'விபத்தில்லாத் தொழிற்சாலை' என்று பொறித்த மரக்கேடயம் அதிகாரிக்குக் கிடைத்தது. அரங்கமே கைதட்டியது. மச்சான் மட்டும் வரவில்லை. ஒற்றைக் கையால் தட்ட முடியாதல்லவா? மற்ற கை மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையில் இனி நான்கே விரல். அலுவலகக் கணக்கில் அது 'சொந்த விடுப்பு'.

கேடயத்தோடு வீடு திரும்பியவரை மனைவி பட்டறைக்குக் கூட்டிப்போனாள். ரம்ப மேசையில் மூடியைக் காணோம், அவளே கழற்றியிருந்தாள்.

"கேடயத்தை ரெண்டா அறுங்க. பாதி என் தம்பிக்கு."

"மூடி இல்லாமலா? உனக்கென்ன பைத்தியமா?"

"நீங்களும் அனுபவசாலிதானே?"

அதிகாரி பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். அவரை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. விரலின் அருமை தெரியாமல் அவர் ஒரு மூடியைக்கூடக் கழற்றச் சொன்னதில்லை.