முட்டையும் வெங்காயமும் ஒளிமொழியில்

கொலராடோ மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில், போன இலையுதிர்காலம் நட்சத்திரக் குழந்தைகள் அமோக விளைச்சல். படிக்காத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை எல்லாரும் பூமியைத் திருத்த வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்று குறி சொல்ல வந்த செலெஸ்டா அம்மையார் கண்டுபிடித்துவிட்டார். சனிக்கிழமைதோறும் சமூகக்கூடத்தில் கூட்டம் முட்டி மோதியது. மோதாதா பின்னே? தேவதையைப் பெற்றிருக்கிறாய் என்றால் எந்த அம்மாவுக்குக் கசக்கும்?

பல் மருத்துவமனையில் வேலை பார்த்த ரோவினாவுக்கும் கசக்கவில்லை. எட்டு வயதாகியும் அவள் மகள் மார்னிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. எழுதினாலும் எழுத்துகள் திரும்பி நிற்கும். என்ன சிக்கல் என்று சோதிக்கப் பள்ளிக்கூடம் அனுமதி கேட்டது. ரோவினா கையெழுத்துப் போடவில்லை. சிறுவயதில் அவளையே மக்கு என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மகள்மேலும் முத்திரை குத்த விடுவாளா? செலெஸ்டாவோ மார்னியின் கிறுக்கலைப் பார்த்துக் கண்கலங்கி, இது நட்சத்திரவாசிகள் எழுதும் ஒளிமொழி, திருத்திவிடாதீர்கள் என்றார். அந்தக் கண்ணீருக்கு எண்பது டாலர்.

ரோவினாவின் தங்கை ஜோலின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் சண்டைக்குப் போகவில்லை. மார்னி எழுதிய ஒரு தாளை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, அக்காவையும் மார்னியையும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். காலையில் ஒரு நகலை, ஆறு வயதுப் பையன் எழுதியது என்று நீட்டினாள். செலெஸ்டா விரலால் தடவி, கடலில் மூழ்கிய ஒரு நகரத்தின் கதையைப் படித்தார். மதியம் இன்னொரு நகலை, பதினான்கு வயதுப் பெண்ணுடையது என்று கொடுத்தாள். இப்போது அதில் எகிப்து இளவரசி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

ஜோலின் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

"ஒளி வேளைக்கு வேளை மாறும்மா," என்றார் செலெஸ்டா.

"சரிங்க மேடம். எழுதினவகிட்டயே கேட்டுடலாமே."

மார்னி கூச்சத்தோடு முன்னால் வந்தாள். "அது கடைக்குப் போறப்ப சித்திக்கு எழுதிக் குடுத்தது. முட்டை, வெங்காயம், நாய்க்கு பிஸ்கட்டு. எனக்குத்தான் சரியா எழுத வராதே."

கூடம் குலுங்கிச் சிரித்தது. ரோவினா மட்டும் சிரிக்கவில்லை. மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

"கஷ்டமா இருக்குன்னு எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நட்சத்திரம்னு சொன்னப்ப நீ ரொம்ப சந்தோஷமா இருந்தியேம்மா."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தின் அனுமதித் தாளில் கையெழுத்து விழுந்தது. சோதித்துப் பார்த்து டிஸ்லெக்சியா, எழுத்துகள் பிடிபடாத வாசிப்புச் சிக்கல் என்றார்கள். வானம் இடிந்து விழவில்லை. தினம் அரைமணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வந்தார், அவ்வளவுதான். கோடை விடுமுறைக்குள் மார்னி ஒரு தவளைக் கதையைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு, அடுத்த புத்தகம் எங்கே என்று கேட்டாள்.

செலெஸ்டா இப்போது பக்கத்து ஊரில் நாய்களுக்கு முற்பிறவி பார்க்கிறாராம். நாய் எழுந்து மறுப்புச் சொல்லாது. உங்கள் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. வானத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.