இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மதிப்பிற்குரிய பெரிய அண்ணனுக்கு,

உங்கள் கடைசித் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் மகள் தேவைக்கு மேலேயே நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அண்ணியாரின் கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என்னை நீங்கள் இத்தனை வருடமாக வாயில்லாப் பூச்சி என்று அழைத்து வருவதும், போன கடிதத்தில் "உன் பொண்ணுக்கு வாய் நீளம், இப்பவே அடக்கி வை" என்று எழுதியதும் நினைவிருக்கும். தயவுசெய்து இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி ஜெயித்துவிட்டான் அண்ணா!

விவரம் இதுதான். குழந்தைகளின் உரிமைகளைக் காப்போம் என்று உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையில் நம் அரசும் கையெழுத்திட்டிருக்கிறது அல்லவா, அதன்படி என்னென்ன செய்தோம் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை சர்வதேசக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதைத் தயாரிப்பது எங்கள் துறை, அதில் பக்க எண் சரிபார்ப்பது நான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது மேலதிகாரியின் வேலை. அவரோ நான் பார்த்திருப்பேன் என்று நம்பிக் கையெழுத்துப் போடுபவர். இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "குழந்தைகளிடம் நேரில் கேட்டறிந்த கருத்துகள்" என்று தலைப்பு மட்டும் இருந்தது, கீழே வெள்ளைவெளேரென்று காகிதம். எட்டு அதிகாரிகளில் ஒவ்வொருவரும் மற்றவர் போய் ஏதாவது ஒரு குழந்தையைக் கேட்டிருப்பார் என்று நினைத்துவிட்டார். அறிக்கைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மகள் நீலப் பேனாவால் அந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டாள்:

"எங்கள் பள்ளியில் விளையாட்டு மைதானம் இருக்கிறது. மூன்று வருடமாகப் பூட்டும் இருக்கிறது. சாவி தலைமையாசிரியரிடம். உள்ளே அவருடைய கார் மட்டும் நிற்கிறது. விளையாடுவது எங்கள் உரிமை என்று இந்தக் கட்டிலேயே போட்டிருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வயது ஒன்பது."

மறுநாள் அலுவலகத்தில் இதைக் கண்டேன். கிழித்தேனா? மறைத்தேனா? நெஞ்சை நிமிர்த்தி, நூல் கோத்துத் தைத்து, முத்திரை வைத்து அனுப்பினேன். தபால் பிரிவு வரை ஓடிப்போய் வழியனுப்பியும் வைத்தேன், பார்த்தவர்கள் சாட்சி.

எட்டு மாதம் கழித்துக் குழுவிடமிருந்து பதில் வந்தது. நானூறு பக்க அறிக்கையில் அவர்கள் மனதாரப் பாராட்டியது ஒரே ஒரு பக்கத்தை! கூடவே ஒரு கேள்வி: "அந்த மைதானம் திறந்தாயிற்றா?" துறைச் செயலாளர் எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாருய்யா இந்தப் பக்கத்த வச்சது?"

எட்டு அதிகாரிகளும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரிக் குனிந்துகொண்டார்கள்.

"நான்தான் ஐயா. என் பொண்ணு எழுதினது."

"சின்னப் புள்ள ஏதோ கிறுக்கிட்டான்னு பதில் போட்டுடலாமா?"

"முடியாதுங்க ஐயா. அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர், "அப்போ திறந்துட்டு பதில் போடுவோம்" என்றாரே பார்க்கலாம்!

மறுநாள் காலை தலைமையாசிரியர் சாவியைத் தேடு தேடென்று தேடினார், கிடைக்கவில்லை, கொல்லர் வந்து பூட்டை அறுத்தார். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன் அண்ணா. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். இவள் மட்டும் வாசலிலேயே நின்று எல்லோரும் உள்ளே போகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஓடினாள். பள்ளி நேரத்தில் எந்த மைதானத்தையும் பூட்டக் கூடாது என்று இப்போது நாடு முழுவதற்கும் உத்தரவே போயிருக்கிறது. பக்க எண்ணெல்லாம் நான்தான் சரிபார்த்தேன்.

அண்ணியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இனி வாயுள்ள உங்கள் தம்பி

பின்குறிப்பு: பெரியப்பா, இதை எழுதுவது நான். அப்பா தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். என்னைப் பற்றிய கடிதம் என்பதால் படித்தேன். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கட்டு போன பிறகு நானே சொன்னேன். "ஐயோ, என் வேலை போச்சே" என்று ஒற்றைச் செருப்போடு தபால் பிரிவுக்கு ஓடினார். வழியனுப்ப இல்லை, பிடிக்க. தபால் பை போய்விட்டது. உடனே "என் மகள் அறியாமல் செய்த பிழை, மன்னிக்கவும்" என்று ஒரு கடிதம் எழுதி, எட்டு மாதமும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். சட்டை மாற்றினால் அதையும் மாற்றுவார். செயலாளர் கூப்பிட்ட அன்றைக்கும் அது பையில் இருந்தது. சாயங்காலம் துவைக்கப் போடும்போது அம்மா எடுத்துப் பார்த்தார். மடித்தது மடித்தபடி இருந்தது. அப்பா ரொம்பப் பயந்தார், பெரியப்பா. ஆனாலும் அதைக் கொடுக்கவில்லை.