கிளிப் மாமியின் நாற்பது நிமிஷம்

மயிலாப்பூரில் கூட்டம் சேர்க்கிற வித்வான்கள் ஆயிரம் பேர் உண்டு. கூட்டத்தைக் கலைப்பதில் வித்வத் காட்டியவர் ஒருத்தர்தான். மந்தைவெளி கிளிப் மாமி. நான் சபாக்களில் மைக் செட் போடுகிறவன், எல்லார் கச்சேரியையும் கேட்டுக் கேட்டே சங்கீதம் தெரிந்துகொண்டவன். என் சொல்லை நம்பலாம்.

மாமி வீணைத் தந்தியில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வாசிப்பார். 'டொய்ங்' என்று வர வேண்டிய இடத்தில் 'டொக்' என்று வரும். நடுவில் எவர்சில்வர் ஸ்பூனால் ஒரு இழுப்பு. எல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றுவதுதான். என்ன ராகம் என்று கேட்டால், "இன்னும் வாசிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படிச் சொல்றது?" என்பார்.

தெருவில் தண்ணி லாரி 'பீப் பீப்' என்று ரிவர்ஸ் எடுத்தால் வீணையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்துவிடுவார். ஒருநாள் டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, நான் வண்டி எடுத்தா நீ பதில் சொல்லிக்கினு கீற?" என்றான்.

"நீதான்ப்பா மெயின். நான் பக்கவாத்தியம்" என்றார் மாமி.

கூட்டாளி, சாந்தோம் பக்கம் ஒரு மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த டீச்சர். மாமியோடு சேர்ந்ததும் கட்டைகளைத் தொடுவதையே விட்டுவிட்டார். துருத்தியை மட்டும் அமுக்குவார். வெறும் காற்று வரும். வாட்ச்மேன் மாடியேறி வந்து கதவைத் தட்டினான். "யாருக்குனா மூச்சு வாங்குதா? ஆட்டோ கூப்டட்டா?"

மாமிக்கு ஒரே ஆசை. ஒரு மேடையில், நாற்பது நிமிஷம், யாரும் நிறுத்தாமல் வாசித்துவிட வேண்டும். அதுதான் நடக்கவேயில்லை. ஒரு கொலுவில் ஏழாவது நிமிஷமே தாம்பூலத்தை நீட்டி வழியனுப்பினார்கள். தி.நகரில் ஒரு வரவேற்பில் இவருக்காகவே பந்தியை முன்கூட்டிப் போட்டார்கள்.

ஒரு மார்கழியில், மத்தியானம் பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சபா செகரட்டரி அவசரத்துக்கு மாமியைப் பிடித்தார். வீணைதானே, சாதுவான வாத்தியம் என்று நினைத்திருப்பார். "நாப்பது நிமிஷம் மாமி, கேரண்டி!"

ஐந்தாவது நிமிஷம் முதல் ஆள் எழுந்தார். மடக்கு நாற்காலி 'டப்' என்றது. மாமி நிமிர்ந்து பார்த்தார். அதே 'டப்'பை வீணையில் திருப்பி வாசித்தார். இரண்டு பேர் எழுந்தார்கள். 'டப் டப்.' அதையும் வாசித்தார். டீச்சர் துருத்தியில் ஒரு பெருமூச்சு விட்டார். ஆட்கள் போகப் போகக் கச்சேரி களைகட்டியது. கேன்டீனுக்கு ஓடியவர்களைப் போல ஒரு பக்கவாத்தியம் அந்த சீசனில் வேறு யாருக்கும் அமையவில்லை.

செகரட்டரிக்கோ தன் சபாவையே கிண்டல் செய்வதாகப் பட்டுவிட்டது. நேரே என் மேஜைக்கு வந்தார். சத்தத்தை ஏற்றி இறக்குகிற என் போர்டில் மாமியின் வீணை மூணாவது சேனல்.

"மூணாவதை எறக்கு."

"சார், நாப்பது நிமிஷம்னு சொல்லி..."

"அடுத்த வருஷம் இங்க நீ மைக் செட் போட வேணாமா?"

இறக்கினேன். பதினெட்டாவது நிமிஷம். திரையும் விழுந்தது.

வயர் சுருட்டப் போனபோது மாமி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"உம்பேர்ல தப்பில்லப்பா. உன் விரல் ரொம்ப நல்ல பிள்ளை. சொன்ன பேச்சுக் கேக்கறது."

டீச்சர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அதற்கப்புறம் மாமி மேடை ஏறவில்லை.

போன மார்கழி. அதே சபா. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, வீணையில் அதே கிளிப். வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். செகரட்டரி மைக்கைப் பிடித்து, "புதுமைக்கு இந்த மேடை என்னிக்குமே கதவைச் சாத்தினதில்ல" என்றார். என் நல்ல பிள்ளை விரல் அந்த மைக்கை இறக்கவில்லை. சனம் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத தாளத்தைத் தொடையில் தட்டி ரசித்தது. ஒரு நாற்காலிகூட 'டப்' என்கவில்லை.

கடைசி வரிசையில் மாமியும் டீச்சரும் இருந்தார்கள். பாதியில் மாமி எழுந்து என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கிளிப் சத்தம் பின்னாடி கேக்கல. கொஞ்சம் ஏத்து. கொழந்தை நன்னா வாசிக்கறது."

ஏற்றினேன். மாமி போய் உட்கார்ந்து, நாற்பது நிமிஷத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தப் பிள்ளையின் வீணையை நாலாவது சேனலில்தான் செருகியிருந்தேன். மூணாவதில் நான் யாரையும் செருகுவதில்லை. எந்தக் கச்சேரியானாலும் அதை ஏற்றியே வைத்திருக்கிறேன்.