புது வீட்டில் அம்மன் பாதம்

எதையும் கேள்வி கேட்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்குப் பிடித்த பதில் வந்த உடனே கேட்பதை நிறுத்திவிடுவான். எனக்கு அந்த வியாதியும் இருந்தது, சலரோகம் என்கிற சீனி வருத்தமும் இருந்தது. இரண்டுக்குள்ளும் சலரோகம் கொஞ்சம் மரியாதையானது. (அதுக்கெண்டாலும் குளிசை இருக்கு.)

வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். நரம்புத் தொகுதியைக் கலர் சோக்கால் கீறினேன் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ராகு காலத்தைத் தேடிப் பிடித்துப் பயணம் போவேன். ஆர் என்ன சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்டுக் கேட்டு, கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாகவே இருக்கும்.

கிளினிக்கிலும் கேட்டுப் பார்த்தேன். விடியவே போய், மத்தியானம் முறை வந்து உள்ளே போனால், டொக்டர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ? அடுத்த மாதம் வாங்கோ." ஏன், எதற்கு என்று நான் வாயைத் திறக்க முன்னம் அடுத்த ஆள் என் கதிரையில் இருந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்சுக்குள் போனில் ஒரு வீடியோ வந்தது. வயலுக்குள் வெறுங்காலோடு நின்ற ஒரு தாடிக்காரர் நேரே என் கண்ணைப் பார்த்துக் கதைத்தார். "செருப்புத்தான் நோய். மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்ததால்தான் மனிதனுக்குச் சலரோகம். வலி என்பது வெறும் நம்பிக்கை." என்னையும் ஒருத்தர் பார்த்துக் கதைக்கிறார் என்ற சந்தோசப் புளுகத்தில் ஆதாரம் கேட்க மறந்துபோனேன்.

அன்றோடு செருப்பைக் கழற்றினேன். குளிசைகளை வாழையடியில் போட்டேன். (வாழைக்கு இண்டைவரைக்கும் சலரோகம் வரேல்லை. அதை மறுக்கேலாது.)

முதலில் கல் குத்தியது, முள் குத்தியது. போகப் போக எதுவும் குத்தவில்லை. சித்திரை வெயிலில் தார் றோட்டில் நடந்தேன், சுடவில்லை. நெருஞ்சிக்குள் நடந்தேன், நோகவில்லை. முகம் வழிக்கும்போது கண்ணாடியில் ஒரு சித்தர் தெரிய ஆரம்பித்தார்.

என் மனைவி சுகந்திக்குச் சித்தர் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, அந்தக் காலைப் பத்திரமா வைச்சிருங்கோ. எங்கட குடும்பத்தில முழுசா மிஞ்சினது உங்கட கால் மட்டும்தான்."

அது பகிடி இல்லை. அவளுடைய தம்பி ரவியின் வலது காலை மிதிவெடி கொண்டுபோனது. அவளுடைய குதிக்காலுக்குள் ஒரு செல் குண்டுத் துண்டு இன்னும் குடியிருக்கிறது. அந்தக் கடைசிச் சண்டைக்குள்ளிருந்து ஒரு கீறலும் இல்லாமல் வெளியே நடந்து வந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தக் கொழுப்பில், "உனக்கு உது விளங்காது" என்றேன்.

பிறகு துணுக்காயில் ரவி கட்டிய புது வீட்டுக்குக் குடிபூரல் வந்தது. எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற மணலில் தவளை மாதிரிப் பாய்ந்து பாய்ந்து விறாந்தைக்கு ஓடினார்கள். ரவிக்கு மட்டும் விலக்கு. செயற்கைக் காலோடு சப்பாத்தும் சேர்ந்தே வரும் என்பதால் சுகந்தியின் அம்மா, என் மாமி, ஒன்றும் சொல்லவில்லை. நான், கூரைவேலை மிச்சங்கள் கிடந்த முற்றத்தைக் குறுக்கறுத்து, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆறுதலாக நடந்து வந்தேன். பால் பொங்கியது. சாமியறையைக் கும்பிட வந்தவர்களைப் பிடித்து நிறுத்தி, வலி ஒரு நம்பிக்கை என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமி குளறினா.

"ஐயோ பிள்ளையள், ஓடி வாங்கோ! அம்மாளாச்சி வந்திட்டா!"

வெள்ளை டைல்ஸில் விறாந்தையிலிருந்து சாமியறை வரைக்கும் சிவப்பாக ஒற்றைப் பாதம் பாதமாகப் பதிந்திருந்தது. மாமி விழுந்து கும்பிட்டா. இன்னும் இரண்டு பேர் கற்பூரம் தேடினார்கள்.

விஞ்ஞானி விடுவானா?

"மாமி, எழும்புங்கோ. எதையும் ஆராயாமல் கும்பிடக்கூடாது. அடையாளம் எங்க துடங்கி எங்க முடியுதெண்டு முதல்ல பாப்பம்."

பாதத்தைத் தொடர்ந்தேன். சாமியறையிலிருந்து ஹோலுக்குப் போனது, போனேன். ஹோலிலிருந்து குசினிக்குப் போனது, போனேன். ஆனால் திரும்பிப் பார்த்தால், முன்னம் இல்லாத இடத்திலும் புதுப் பாதம்! "பாத்தியளே, இப்பவும் நடக்கிறா!" என்று மாமிக்குப் பரவசம். எனக்கே கொஞ்சம் மயிர் கூச்செறிந்தது. (ஒரு கணம் கையெடுக்கப் பார்த்தனான். ஒருத்தரும் காணேல்லை.)

ரவிதான் கண்டுபிடித்தான்.

"அத்தான், அசையாமல் நில்லுங்கோ. காலைத் தூக்குங்கோ."

தூக்கினேன். பெருவிரலுக்குக் கீழே தகரத்துக்கு அடிக்கிற ஆணி, தலை மட்டும் வெளியே தெரிய ஏறியிருந்தது. ரவி கதிரையில் இருந்து, என் காலைத் தன் மடியில் வைத்து ஆணியை இழுத்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரிக்கத் தொடங்கியவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

"அத்தான்," என்றான் ரவி மெல்லமாக, "எனக்கு இல்லாத கால் மழை இருட்டினால் குத்திக் குடையுது. உங்களுக்கு இருக்கிற காலில ஆணி ஏறியும் தெரியேல்லையே."

கரும்பலகையில் நான் கலர் கலராகக் கீறின அத்தனை நரம்பும், சலரோகம் அவற்றை அரிக்கும் என்பதும் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

அப்போதாவது ஆசுப்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். தாடிக்காரர் புற்றுமண் பூசச் சொல்லியிருந்தார். பூசினேன். விரல் கறுத்த பிறகுதான் சுகந்தி என்னை ஓட்டோவில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு டொக்டர் முதல்தடவையாக என் முகத்தை வடிவாகப் பார்த்தார். "பெருவிரலும் பக்கத்து விரலும் எடுக்க வேணும்" என்று சொல்லுவதற்காக.

தாடிக்காரருக்கு நடந்ததை எழுதினேன். கும்பிடுகிற கை ஒன்றும் ஒரு இதயமும் பதிலாக வந்தன. இப்போது அவர் மூலிகைச் செருப்பு விற்கிறார்.

நான் இன்னும் கேள்வி கேட்கிறவன்தான். ஆனால் நான் "ஆதாரம்" என்று தொடங்கினால் போதும், "முதல்ல காலைக் காட்டுங்கோ" என்று வீடே சேர்ந்து சொல்லும். துணுக்காய் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிறவர்கள் இப்போது இரண்டு பேர். மாமி அந்த டைல்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் இடுக்கில் ஒரு சிவப்பு மிஞ்சியிருக்கிறது. பூசைக்கு வருகிறவர்களிடம் அது என்னவென்று அவா இன்றைக்கும் சொல்லுவதில்லை.

மழை இருட்டினால் நானும் ரவியும் விறாந்தையில் இருப்போம். அவன் இல்லாத காலைத் தடவப் போய்க் கையை எடுப்பான்.

"நோகுதோ மச்சான்?"

"ஓம் அத்தான். உங்களுக்கு?"

இல்லாத இரண்டு விரலையும் அசைத்துப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

"இல்லையடா. எனக்கு அதில நம்பிக்கை இல்லை."

வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சுகந்தி மட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.